முதல் பக்கத்தில் என் தமிழ்

லா சப்பல், 12.10.2011

அன்புள்ள ஐயா,

நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

அந்துவான் என்ற பிரெஞ்சுக்காரரின் வீட்டில் துப்புரவு வேலை செய்துவந்தேன். அவர் அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களை வைத்துத் துப்பறியும் நாவல்கள் எழுதுகிறவர். அவர்கள் சடங்குகளைப் பிழையாக எழுதிவிட்டு, "யார் கேட்பது?" என்று சிரிப்பார். இம்முறை எங்கள் தமிழ்ச் சனத்தை வைத்து எழுதினார். தம்பி செத்த கதையை அவரிடம் அழுது சொல்லியிருந்தேன். நாவலில் அவனையே கொலைகாரனாக்கிவிட்டார்.

புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் தமிழில் ஒரு வாழ்த்து எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். "இதை எழுதியவன் செத்தவனையும் விடாத கள்ளன்" என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே அச்சாகிவிட்டது.

நேற்று இங்கே, எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், புத்தக வெளியீடு. வந்திருந்த எங்கள் சனம் முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரிக்க, அவரும் சிரித்தார்.

"தங்கச்சி, மனுசனுக்கு விளங்கேல்லை," என்றார் ஒரு அண்ணை.

"இப்ப விளங்கும்," என்று எழுந்து அந்த வரியைப் பிரெஞ்சில் மாற்றி வாசித்தேன். அவர் முகம் வெளிறியதை ஆசைதீரப் பார்த்தேன்.

வேலை போய்விட்டது, வேறு கிடைக்கும். தம்பியின் படம் ஒன்று அனுப்புங்கள். இங்கே அவனைப் பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை.

பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

மகள் யசோதினி