வண்டியோடு வந்த படி

சனி இரவு, பிளானோ.

இன்று புது டீசல் பிக்கப் டிரக் வாங்கினேன். பழைய வண்டி ரொம்ப உயரம். போன வாரம் அதில் ஏறும்போது முழங்கால் மடங்காமல் சறுக்கி விழுந்தேன். மகள் மாலதி பார்த்துவிட்டாள். "ஒரு படி மாட்டுங்க, இல்லேன்னா சாவியைக் குடுங்க" என்றாள். இரண்டும் முடியாது என்றேன். படி மாட்டினால் கிழவன் என்று போர்டு மாட்டியதுபோல. சாவியைக் கொடுத்தால் என் கறிவேப்பிலைக் கன்றுகளைச் சந்தைக்கு யார் கொண்டுபோவது?

ஷோரூமில் கதவைத் திறந்ததும் அடியிலிருந்து ஒரு படி தானாக இறங்கியது. ஏறி உட்கார்ந்து கதவை மூடினேன். படி உள்ளே போய்விட்டது. கன்றுகளை ஏற்றிப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கத் திரையில் கோடு போட்டுக் காட்டுகிறது. அது எனக்குத் தேவையில்லை, நானே பழகிக்கொண்ட வேலை. இஞ்சின் சத்தமும் போதாது. டீசல் என்றால் டீசல் மாதிரி கேட்க வேண்டும்.

கூட வந்திருந்த மாலதி சிரித்தாள். "அப்பா, நானும் இதைத்தானே சொன்னேன்?"

"நீ சொன்னது எனக்காக மாட்டுற படி. இது வண்டியோட வந்த படி. இருபது வயசுக்காரன் வந்தாலும் இறங்கும்."

"சரிப்பா, நீங்களே வின் பண்ணிட்டீங்க."

டோல்வேயில், அந்தக் கட்டண நெடுஞ்சாலையில், நான்தான் ஓட்டி வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவைகூட மெதுவாகப் போகச் சொல்லவில்லை. வீட்டில் இறங்கும்போது முழங்கால் கொஞ்சம் வலித்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. காலையில் கன்றுகளை ஏற்ற வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.