கேத்லீன் அறையில் ஒரு கட்டில்

ரிங்லெட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் பேசினால் மாமா வீட்டில் குமுதா அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் பக்கத்து வீட்டு பார்பராவின் மகள் கேத்லீன் லீவு முடிந்து யுனிவர்சிட்டிக்குத் திரும்பும்போது, அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மூன்று நாளாக மழை. தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது. உன் பூனை குட்டி போட்டு, அப்பாவின் துணிக்கூடையில் குடித்தனம் நடத்துகிறது.

யுனிவர்சிட்டியிலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதத்தை எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் வாசித்துச் சொன்னார். நாலு புள்ளிக்கு இரண்டுக்கும் கீழே போய்விட்டாயாம். அடுத்த பருவமும் இப்படியே என்றால் நீக்கிவிடுவார்களாம். கூட்டாளிங்களோட சுத்துறாளா என்று அப்பா கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உனக்கு ஏது கூட்டாளி? வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் மாமா பிள்ளைகளை அழைத்துவந்து, சமைத்து, குளிப்பாட்டி... எல்லோரும் சேர்ந்து படிக்கும்போது நீ மட்டும் வருவதே இல்லை என்று கேத்லீன் வருத்தப்பட்டாள்.

தப்பு என்னுடையது. ஹாஸ்டலில் இடம் கிடைத்தும், மாமன் வீடு இருக்கும்போது வயதுப்பெண் வெளியே தங்கினால் லயத்து வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று நான்தான் உன்னை அங்கே விட்டேன். மகளை ஹாஸ்டலில் சேர்த்ததற்காக பார்பராவை வாய் கூசாமல் பேசியவளும் நான்தான்.

வசந்தன் மாமாவிடம் எப்படிச் சொல்வேன்? மாதா மாதம் அப்பாவைக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன் அவன். தன் வீட்டிலேயே தங்கவும் வைக்கிறான். தம்பி என்று கூப்பிட்டதுமே பேச்சை மாற்றி அவன் பிள்ளைகளை விசாரிக்கிறேன்.

கேத்லீன் அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம். விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு பஸ்லயே போய்க்கலாம்லா என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஹாஸ்டலில் கொடுத்துவிடு.

நீ ஹாஸ்டலுக்குப் போனதும் மாமா எனக்குப் போன் போடுவான். எனக்கு எதுவும் தெரியாது என்பேன். அவன் காதுபட உன்னைத் திட்டுவேன், மாமா வீட்டுக்கே திரும்பிப் போ என்று கத்துவேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாரியம்மா உன்னோடு இருப்பாள். இதுவரை என் பேச்சைத் தட்டாத பிள்ளை நீ. இந்த ஒரு தடவை தட்டிவிடு, கண்ணு.

உன் அம்மா,
நீலாவதி