காலிக் கொக்கி

அன்புள்ள வாயாடியின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் இருமலை அடக்கிக்கொண்டு ஒண்ணுமில்லை என்கிறீர்கள். அடக்குகிற சத்தம் எனக்குக் கேட்காதா என்ன? இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதனால் பேச்சு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்தது நினைவிருக்கிறதல்லவா? மேனேஜர் உங்களுக்காக நம் கிடங்கில் ஒரு வேலையை வைத்திருக்கிறார் என்று வாயைத் திறந்தேன். பெண்டாட்டிக்குக் கீழ கைகட்டி நிக்கச் சொல்றியா என்று கேட்டுவிட்டு லைனைத் துண்டித்துவிட்டீர்கள். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடிதத்தை அப்படித் துண்டிக்க முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நீங்கள் சரி என்று சொல்லாவிட்டால் மேனேஜர் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார். விஷயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்கள் ஏன் சரி என்று சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுவது.

முதலில், நீங்கள் வேலை பார்த்த ஃபிரீசரை மறந்துவிடுங்கள். அது இப்போது இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் ரேக். இரண்டு ரேக்குக்கு நடுவே உங்களை மாதிரி ஒல்லியான ஆள்கூடப் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். அந்தச் சந்தில் தண்டவாளம் போட்டு ஒரு கிரேன் ஓடுகிறது. சரக்கு லாரியிலிருந்து இறங்கியதும், அடுக்கிய மரப்பலகையோடு வாசல் ஜன்னலில் வைக்கிறோம். இயந்திரம் எடை பார்க்கிறது, உயரம் பார்க்கிறது, ஸ்டிக்கரைப் படிக்கிறது. பிடித்திருந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே திருப்பித் தள்ளுகிறது. இந்த விஷயத்தில் அது உங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்றே நினைக்கிறேன். உள்ளே விளக்குகூட எரிவதில்லை. இருட்டில், அந்தக் குளிரில், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் நானே அதோடு மல்லுக்கு நின்றேன். பட்டாணிக்குப் பக்கத்தில் மீனை வைக்கிறது, மீனுக்கு மேலே ஐஸ்கிரீமை வைக்கிறது, அந்த ஐஸ்கிரீமின் இன்னொரு பலகையைக் கொண்டுபோய் எங்கேயோ கோடியில் செருகுகிறது. ஒரு வரிசை உண்டா, முறை உண்டா? இதுக்கா இவ்வளவு செலவு பண்ணீங்க என்று இயந்திரத்தை மாட்ட வந்த இன்ஜினியர் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவள் சிரித்தாள். அக்கா, நீங்க கண்ணால தேடுவீங்க, அதனால ஒரே ஜாதி சரக்கை ஒரே இடத்துல வைக்கணும். அது தேடறதே இல்லையே, எங்க வச்சோம்னு அதுக்குத் தெரியுமே என்றாள். அந்த வாரமே புரிந்துபோயிற்று. அடிக்கடி கேட்கிற சரக்கை அது கீழே, வாசலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. எப்போதோ கேட்பதை உச்சியில் ஏற்றிவிடுகிறது. லாரி இல்லாத நேரத்தில் சும்மா நிற்காமல், மறுநாள் போக வேண்டியதை முன்னால் கொண்டுவந்து தயாராக வைத்துவிடுகிறது. முதலில் காலாவதியாகும் சரக்கைத்தான் முதலில் வெளியே தருகிறது.

பழைய பட்டாணி மூட்டைகள் பின்னால் மாட்டிக்கொண்டு, வருஷா வருஷம் நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவோமே, கடைசியில் கெட்டுப்போனதைக் குப்பையில் கொட்டுவோமே, அந்தக் கதை முடிந்தது. இருப்பு எடுக்கும் நாட்களில் எல்லோரும் கோட்டும் தொப்பியுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் எண்ணிவிட்டு வருவீர்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்வீர்கள். இப்போது நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி திரையைப் பார்த்தால் போதும். கதவு திறந்து மூடுவது குறைந்துவிட்டதால் மின்சாரச் செலவும் குறைந்துவிட்டது என்று மேனேஜர் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார்.

யாருக்கும் வேலை போகவில்லை என்று உங்கள் காதில் பூச்சுற்ற மாட்டேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெரியவர் எனக்கு இது வேண்டாம்மா என்று கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை. மற்றவர்கள் பேக்கிங்கிலும் லாரி அனுப்புவதிலும் இருக்கிறார்கள். என்னை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்ததும் அதனால்தானே?

அவசரம் என்று நாம் பட்டப்பெயர் வைத்த லோடர் பையனை நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டீர்கள். அவன் இன்னும் அதே அவசரம்தான். போன வாரம் லாரி வந்துவிட்டது என்று ஓடியவன், கையிலிருந்த சாப்பாட்டுக் கேரியரை ஒரு பலகையின் மூலையில், பெட்டி குறைந்திருந்த இடத்தில் வைத்துவிட்டான். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால் பலகையும் இல்லை, கேரியரும் இல்லை. இயந்திரம் உள்ளே கொண்டுபோய் ஏதோ ஒரு மாடியில் வைத்துவிட்டது. ஐயோ அக்கா, என் சாப்பாடு, என் சாப்பாடு என்று குதித்தான். நான் ஒரு பட்டனை அமுக்கினேன். அந்தப் பலகை சமத்தாகத் திரும்பி வந்தது. சாப்பாடு கருங்கல்லாகிவிட்டிருந்தது. கரண்டியால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் வெயிலில் வைத்துச் சாப்பிட்டான். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. ஏனென்று சொல்கிறேன்.

ஃபிரீசர் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் கொக்கி வரிசை. ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு கோட்டு. உள்ளே போகிறவர் தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். கொக்கி காலியாக இருந்தால் அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். எல்லாக் கொக்கியிலும் கோட்டு தொங்கினால்தான் கதவைப் பூட்டலாம். எதிர் மேஜையில் நான் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க, ஒரு கண் பில்லில் இருந்தால் இன்னொரு கண் உங்கள் கொக்கியில்தான் இருக்கும். இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. காலியாக இருக்கிறவரைக்கும் எனக்கு மூச்சு முழுசாக வராது.

நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் அவசரம் தன் கோட்டைக் கழற்றி, போகிற போக்கில் உங்கள் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் வெளியே போவதைச் சூப்பர்வைசர் கண்ணால் பார்த்திருந்ததால் அவனுடைய காலிக் கொக்கியைக் கணக்கில் எடுக்கவில்லை. உங்கள் கொக்கியில் கோட்டைப் பார்த்தார், நீங்கள் கிளம்பிவிட்டதாக நினைத்தார், பூட்டிவிட்டார். நானும் பார்த்தேன். கோட்டு இருந்தது. ஆனால் அதன் கையில் நான் நீல நூலால் போட்டிருந்த தையல் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வார்களே, பொய். கால் எப்படி ஓடிற்று என்று எனக்குத்தான் தெரியும். உள்பக்கக் கைப்பிடி பனிக்கட்டி பிடித்து இறுகிப்போய், நீங்கள் தட்டித் தட்டி ஓய்ந்து பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு காய்ச்சல், நெஞ்சுச்சளி, இனிமேல் இவர் குளிரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது, வெயில் ஊர் தேடி நீங்கள் போனது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு அவசரத்தின் அவசரம் உங்கள் நெஞ்சைத் தின்றது. போன வாரம் அதே அவசரம் அவனுடைய சாப்பாட்டை மட்டும்தான் தின்றது. மின்சாரம், கணக்கு, காலாவதி என்று மேனேஜர் ஆயிரம் லாபம் சொல்லட்டும். எனக்கு இந்த ஒன்று போதும்.

கண் சொக்குகிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

நேற்றே முடித்துத் தபாலில் போட்டிருக்க வேண்டும். போடாததும் நல்லதாயிற்று. இன்று ஒன்று நடந்தது, அதையும் கேளுங்கள்.

காலையில் இயந்திரம் சந்துக்கு நடுவே நின்றுவிட்டது. ஒரு பலகையில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் சரியாக இழுக்கப்படாமல் வால் மாதிரி தொங்கியிருக்கிறது. அதைப் பார்த்ததும் கிரேன் நின்றுவிட்டது. வெளியே லாரிகள் வரிசையில் நிற்கின்றன. யாராவது உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். இன்ஜினியர் பெண் மின்சாரச் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவள் வெளியே வந்து சாவி போடாமல் கிரேன் அசையாது. அப்புறம் கொக்கியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஆம், கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. இயந்திரம் வந்ததும், இனிமே எதுக்கும்மா இது என்று மேனேஜர் கழற்றச் சொன்னார். இன்சார்ஜ் ஆனதும் நான் போட்ட முதல் சண்டை அதுதான். ஒரு ஆணியைத் தொட்டாலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவள் வருகிறவரைக்கும் அந்தக் காலிக் கொக்கிக்குக் கீழேயே நின்றேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. லாரிக்காரர்கள் கத்தினார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் கத்தரித்துவிட்டு வெளியே வந்து கோட்டை மாட்டினாள். என்னக்கா இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு என்று கேட்டாள். இயந்திரம் வந்த பிறகு பெரும்பாலான நாட்களில் கொக்கிகள் எல்லாம் நிறைந்தே இருக்கின்றன. அதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இன்று தாங்க முடியவில்லை.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். வாசல் ஜன்னலில், உள்ளே போகிற ஒவ்வொரு பலகையையும் பார்த்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அடுக்கு கோணியிருக்கிறதா, தாள் தொங்குகிறதா, பெட்டி பிதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருப்பவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், தலையை ஆட்டுகிறார்கள், தாள் தொங்குகிறது. நீங்கள் அடுக்கின அடுக்கைப் பார்த்தால் கொத்தனார்கூடக் குறை சொல்ல மாட்டார். வீட்டில் செருப்பு கோணலாகக் கிடந்தாலே ஊரைக் கூட்டுகிற ஆள் நீங்கள். சிபாரிசு ஒன்றும் நான் செய்யவில்லை. மேனேஜர்தான், உன் வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி நிக்குமா என்று இன்றுகூட எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த இடம் ஃபிரீசருக்கு வெளியே. கோட்டு வேண்டாம். மதியத்துக்கு மேல் வெயில் நேராக நாற்காலியில் விழும். டாக்டரிடமும் போய்க் கேட்டுவிட்டேன். வெளியே என்றால் தாராளமாக என்றார்.

பெண்டாட்டிக்குக் கீழே என்கிறீர்கள். வீட்டில் யார் இன்சார்ஜ் என்று உங்களுக்குத் தெரியாதா, ஊருக்குத்தான் தெரியாதா? இங்கே மட்டும் என்ன புதிதாக வெட்கம்? கிடங்கில் நான் சொன்னால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் மேனேஜரிடம் புகார் எழுதுங்கள், வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை போடுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்து போடுங்கள். யாரோ ஒருவருடைய அடுக்குமாடி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டு, அடக்கி அடக்கி இருமாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. இரண்டையும் எழுதிவிட்டேன், போதுமா?

கடைசியாக ஒன்று. நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நீங்கள் சட்டை மாட்டுகிற கொக்கியில் நேற்று வாயாடி தன் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டாள். நான் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் திட்டிவிட்டேன். சும்மாதானேம்மா இருக்கு, ஏன் மாட்டக் கூடாது என்று அழுதுகொண்டே கேட்டாள். உங்களுக்குத் தெரியும், நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். ஆள் உள்ளே இருக்கும்போது அவர் கொக்கியில் இன்னொன்றை மாட்டக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம். வந்து சட்டையை மாட்டுங்கள். அதுவரைக்கும் நான் கதவைப் பூட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
கொக்கியைப் பார்த்தபடி நிற்கும்
உங்கள் மனைவி