நிறைந்தால் நிற்கும் எஞ்சின்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

தீவுக்குப் போகும் வழியில் எஞ்சின் இருமியது என்று எழுதியிருக்கிறாய். இருமுவதற்கு அது என்ன கிழவனா? இரண்டு வாரம் முன்புதான் வருடச் சோதனை முடித்து உன் கையில் கொடுத்தேன். ஆறு நாள் உன் விமானக் கொட்டகையிலேயே கிடந்தேன். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்தேன். எட்டு பிளக்கையும் கழற்றி, ஈயக்கட்டியைச் சுரண்டி, இடைவெளி அளந்து மாட்டினேன். எண்ணெய் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெயிலில் பிடித்து, உலோகத்தூள் மின்னுகிறதா என்று பார்த்தேன். துளி இல்லை. மழைக்காலத்தில் பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இறங்குகிறது என்று போன வருடம் முழுக்கப் புலம்பினாயே, அதற்கும் நானே தடித்த ரப்பரில் ஒரு வாஷர் வெட்டி டேங்க் மூடிக்குள் வைத்துவிட்டேன். இனி ஒரு சொட்டு இறங்காது. அதற்கு ஒரு நன்றி உண்டா உன் கடிதத்தில்?

தண்ணீர்மேல் ஈரக்காற்று. கார்புரேட்டரின் தொண்டையில் பனி பிடிக்கும், வெயில் அடிக்கிற நாளிலும் பிடிக்கும். அதற்காகத்தான் சூட்டுக் காற்றைத் திருப்பிவிட ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை நீ இழுத்தாயா? இழுத்திருக்கமாட்டாய். தீவுக்கு நீ ஏற்றிப்போகும் டாக்டரம்மாவோடு பேச்சுச் சுவாரசியத்தில் மறந்திருப்பாய்.

பதிலைக் கடிதமாகவே எழுது. நாற்பது வருடம் எஞ்சின் பக்கத்தில் நின்ற காது இது. போனில் நீ பேசினால் கொசு பேசுவதுபோல் இருக்கிறது.

இப்படிக்கு,
குற்றம் செய்யாத அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும். கேட்டுவிட்டேன், கணக்கு நேர்.

கைப்பிடியை இழுத்தேன் அண்ணா. ஒருமுறைக்கு நான்குமுறை இழுத்தேன். பனி என்றால் சூட்டுக் காற்று போனதும் சரியாகவேண்டும். ஆகவில்லை. புறப்பட்டு இருபது நிமிடத்தில் சுற்று குறைய ஆரம்பிக்கிறது, அப்புறம் ஒரு நடுக்கம். வேகத்தைக் குறைத்துக் கெஞ்சினால் மெல்ல உயிர் வருகிறது. கூட்டினால் மறுபடி அதே கதை.

டாக்டரம்மா எப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வருவார். அன்று ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இது வழக்கமா நடக்கிறதா, இல்ல இன்னைக்கு ஸ்பெஷலா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். இருபத்தைந்து நிமிடப் பயணத்தில் இருபது நிமிடம் கீழே தண்ணீர் மட்டும்தான். நின்றால் இறங்க இடமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. இதைப் படித்துச் சிரிக்காதீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறேன், இருமுகிறது. வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கும் பாதி டேங்கோடு போகிறேன், ஒன்றும் ஆவதில்லை. இரண்டு வாரமாக இப்படித்தான். பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும், பார்த்திருக்கிறேன். நிறைந்தால் நிற்குமா?

ஒருமுறை வந்து பாருங்கள். உங்கள் மாப்பிள்ளையும் வரச்சொல்கிறார்.

அன்புடன்,
தங்கை

மார்ச் 24

தங்கைக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நான்கு நாள் உன் வீட்டில் சாப்பிட்டதற்கு நன்றி. மனத்தாங்கல் இல்லாமல் எழுதவேண்டும் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எனக்காவது புரியட்டும். டேங்கை நிரப்பினோம். நீ தனியாக ஊர்மேலேயே வட்டமடித்தாய். இருபது நிமிடத்தில் இருமிற்று என்று இறக்கினாய். நீ காதிலிருந்து ஹெட்ஃபோனைக்கூடக் கழற்றவில்லை, நான் ஓடிப்போய் என் வழக்கப்படி முதலில் டேங்க் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டேன். கோளாறு எதுவாக இருந்தாலும் பெட்ரோலில் கோலை நனைத்துப் பார்க்காமல் நான் எஞ்சினைத் தொடமாட்டேன், ஊருக்கே தெரியும். நிறைய இருந்தது. எஞ்சினைப் போட்டேன். வெண்ணெய்போல் ஓடிற்று! பத்து நிமிடத்துக்குமேல் தரையில் ஓடவிட முடியாது, எதிர்க்காற்று இல்லாமல் சிலிண்டர் வெந்துபோகும். அந்தப் பத்து நிமிடமும் ஒரு தடுமாற்றம் இல்லை.

கார்புரேட்டரைப் பிரித்தேன், மிதவை சரி. பெட்ரோல் குழாயில் ஊதினேன், சரி. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் முனைகளை மாற்றினேன், பழையதிலும் கோளாறு இல்லை. மறுநாள் நீ மேலே போனாய், மறுபடி இருமிற்று. இறக்கினாய், கோலை விட்டேன், போட்டேன், ஓடிற்று. என் கையைப் பார்த்தால் அடங்குகிறது, உன் கையில் அழுகிறது என்றால் நான் என்ன நினைப்பது?

மாப்பிள்ளை சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "மச்சான், உங்க மேல நம்பிக்கை இல்லாம சொல்லல. வயசாகுதுல்ல? இன்னொருத்தரையும் ஒரு பார்வை பாக்கச் சொல்லலாமே" என்றார். நீ தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். வாயைத் திறக்கவில்லை. அவர் பேசியதைவிட அதுதான் வலித்தது.

எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. குழப்பம் வேறு, தப்பு வேறு. என் வேலையில் தப்பு இல்லை.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

தட்டுகளை எடுத்துக்கொண்டு போனது, இருந்தால் அழுதுவிடுவேன் என்பதால். உங்களுக்கு ஆதரவாகப் பேசவும் முடியவில்லை, அவருக்கு ஆதரவாகப் பேசவும் முடியவில்லை.

இப்போதைக்குப் பாதி டேங்கோடுதான் தீவுக்குப் போய்வருகிறேன். மூன்று பயணம், ஒரு தும்மல்கூட இல்லை. எனக்குப் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. ஏன் நிற்கிறது என்று தெரிந்தால் சமாளிக்கலாம். ஏன் ஓடுகிறது என்றே தெரியாமல் எப்படி நம்பி ஏறுவது? இதில் எதிர்க்காற்று பலமாக அடித்தால் போகவர பாதி டேங்க் போதாது.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். பெரிய விமான நிலையத்துப் பட்டறை அம்மாவிடம் பேசினேன். இருபதாம் தேதிக்குமேல் விமானத்தைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார். அதற்குள் உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். தோன்றவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 6

தங்கைக்கு,

கோபப்படாமல் படித்தேன். இப்போது கோபத்தோடு எழுதுகிறேன்.

சுவரில் நான்கு சர்டிஃபிகேட் மாட்டியிருக்கிறார் அந்த அம்மா, நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எரிந்த பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். லைசென்ஸ் பரீட்சையை நான்குமுறை எழுதினேன். நான் தொட்ட எஞ்சின் எதுவும் இன்றுவரை ஆளைக் கொன்றதில்லை. வேறு கை அதில் பட்டால் அப்புறம் என் கை படாது. மிரட்டலாக எழுதவில்லை, நடக்கப்போவதை எழுதுகிறேன்.

நிறைய இருந்தால் நிற்கிறது, குறைவாக இருந்தால் ஓடுகிறது. இதை வாளியும் குழாயும் வைத்து மூன்று நாள் செய்து பார்த்தேன். நிறைந்த வாளியிலிருந்து வேகமாகத்தான் இறங்குகிறது, எப்படிப் பார்த்தாலும். கனத்தால் மூக்கு தாழ்கிறதா என்று யோசித்தேன், கணக்குப் போட்டேன், ஒத்துவரவில்லை. புரியவில்லை. புரியாததால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: இது தற்செயல். நீ இருமல் வருமா வருமா என்று காத்துக்கொண்டே ஓட்டுகிறாய், அதனால் ஒவ்வொரு அதிர்வும் உனக்கு இருமலாகக் கேட்கிறது.

பாதி டேங்கோடு தண்ணீர்மேல் போவதுதான் முட்டாள்தனம். அது விமானம் ஓட்டுகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது. டேங்கை நிரப்பு. பயப்படாமல் போ. எஞ்சினுக்கு நான் பொறுப்பு.

அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன், டாக்டரம்மாவும் இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை தீவிலிருந்து தகவல் வந்தது. பிரசவத்தில் சிக்கல், உடனே டாக்டர் வேண்டும். எதிர்க்காற்று பலமாக இருந்தது. டேங்கை நிரப்பினேன். உங்கள் கடிதம் பையில் இருந்தது.

இருபத்திரண்டாவது நிமிடம் எஞ்சின் நின்றது. இருமல் இல்லை, கெஞ்சலுக்கு மசியவில்லை, நின்றேவிட்டது. அப்புறம் இறக்கையில் காற்று உரசும் சத்தம் மட்டும்தான். டாக்டரம்மா இரண்டு கண்ணையும் திறந்து, "இறங்குறோமா?" என்றார். "இறங்குறோம்" என்றேன். தீவுக்கு முன்னால், தண்ணீர் வற்றும் நேரத்தில் மட்டும் தெரியும் ஒரு மணல்திட்டு இருக்கிறது. நேற்று அந்த நேரத்தில் தெரிந்தது. வேறொரு நேரமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளை எழுதியிருப்பார்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் உங்கள் வழக்கப்படி டேங்க் மூடியைத் திறந்தேன். "உஸ்ஸ்ஸ்" என்று உள்ளே காற்றை இழுத்தது அண்ணா, மூச்சுமுட்டினவன் இழுப்பதுபோல. மூடி கையோடு வர மறுத்தது, இரண்டு கையாலும் பிடுங்கவேண்டியிருந்தது.

மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கிறதே, பெட்ரோல் இறங்க இறங்க வெளிக்காற்று உள்ளே வரும் வழி. உங்கள் ரப்பர் வாஷர் அதன்மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது. காற்று வரவில்லை என்றால் பெட்ரோல் எப்படி இறங்கும்? பாதி டேங்கில் உள்ளேயே நிறையக் காற்று இருந்தது, தீவுவரை தாங்கியது. அங்கே அளவு பார்க்க மூடியைத் திறப்பேன், திரும்பி வரவும் தாங்கியது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை. தரையில் நீங்கள் ஒவ்வொருமுறையும் முதலில் மூடியைத்தான் திறந்தீர்கள். அந்த நொடியே நோய் போய்விட்டது. அந்தச் சத்தம் உங்கள் காதுக்கு எட்டவில்லை, என் காதில் எப்போதும் ஹெட்ஃபோன், தீவில் திறக்கும்போதும்.

டாக்டரம்மாவின் இடுக்கியால் வாஷரைப் பிய்த்தெடுத்தேன். தண்ணீர் ஏறுவதற்குள் கிளம்பித் தீவுக்குப் போனோம். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். திரும்பும்போது எஞ்சின் ஒரு குறையும் சொல்லவில்லை.

செய்த வேலைகளைப் பதியும் எஞ்சின் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறது. நடந்ததை உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எழுதினால் எஞ்சின் எப்போதும்போல உங்களுடையது. எழுத மனம் வராவிட்டால் புத்தகத்தை அப்படியே திருப்பி அனுப்புங்கள், நான் எதுவும் கேட்கமாட்டேன். இருபதாம் தேதிக்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால் விமானம் பட்டறைக்குப் போகும்.

தங்கை

ஏப்ரல் 22

தங்கைக்கு,

இருபது தாண்டிவிட்டது. தெரிந்துதான் தாண்டவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

மூடியில் துளை இருப்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்யவில்லை. மழை அந்தத் துளை வழியாகத்தான் இறங்குகிறது என்று பார்த்தேன், அடைத்தேன். அது எதற்கு இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டும் ஒரே தலையில் இருந்தன, ஒன்றை ஒன்று சந்திக்கவில்லை. அந்த ரப்பர் நல்ல ரப்பர் என்று இப்போதும் சொல்வேன்.

அதே ரப்பரில் அன்று நான்கு வாஷர் வெட்டியிருந்தேன். உன்னுடையது போக மூன்று. விமானப் பயிற்சி கிளப்பின் இரண்டு விமானம், வயலுக்கு மருந்து தெளிப்பவரின் ஒன்று. உன் கடிதத்தைப் படித்து முடிக்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளப்பில் மூடிகளைத் திறந்து வாஷர்களைப் பிடுங்கினேன். பயிற்சி தருகிறவர், "என்ன பெரியவரே, நீங்க வெச்சதை நீங்களே எடுக்குறீங்க?" என்றார். "தப்பா வெச்சுட்டேன்" என்றேன். அந்த வார்த்தை வாயில் வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுத மாட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கிளப்பின் மஞ்சள் விமானமும் ஒரு மாதமாக இருமிக்கொண்டுதான் இருந்ததாம். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று சத்தம் போட்டேன். "சொன்னா நீங்க எங்களத்தான் திட்டுவீங்க. கைப்பிடிய இழுத்தியா, இழுத்தியான்னு" என்றார்.

அங்கிருந்து நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தேன். மருந்து தெளிப்பவர் வெளியூரில் வேலையாக இருந்தார். பஸ் பிடித்துப் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. அவர் மூடியிலிருந்தும் வாஷரை எடுத்தபிறகுதான் உட்கார்ந்தேன்.

புத்தகத்தில் எழுதியிருக்கிறேன், திறந்து பார். "டேங்க் மூடியின் காற்றுத் துளையை நான் அடைத்தேன். பெட்ரோல் இறங்காமல் எஞ்சின் நின்றது. எஞ்சினில் கோளாறு இல்லை. ஓட்டியவர் மேல் தவறு இல்லை." கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு.

ஆனால் எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுபோ, கொண்டுபோயிருந்தால் அங்கேயே இருக்கட்டும். எழுதினால் என்னுடையது என்றாய், அது உன் நல்ல மனசு. எனக்கு வேண்டாம். தெரிந்த ஒன்றிலேயே இப்படித் தவறினேன் என்றால் வேறு எங்கே என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் தொட்ட ஒவ்வொரு திருகையும் அந்த அம்மா பார்க்கட்டும். நானும் வருவேன், தள்ளி நிற்பேன், வாயைத் திறக்கமாட்டேன். பிளக்கை முதலில் கையால் திருகிப் பார்க்காமல் நேரே ஸ்பானரைப் போட்டார் என்றால் மட்டும் திறப்பேன்.

இன்னொன்று பாக்கி. டேங்கை நிரப்பு, பயப்படாமல் போ என்று எழுதினேன். எஞ்சின் புத்தகத்தில் வேலை, தேதி, கையெழுத்து என்று மூன்று கட்டம்தான் இருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெரியவில்லை. இங்கேயே எழுதுகிறேன்.

உன்னைப் போகச் சொன்னது நான்.

அண்ணன்