முதல் அழைப்பு யாருக்கு

நாள் 611, காலை 7.10
செவ்வாய்க் கிரகக் குடியிருப்பு, வீடு 9. பதிவு செய்பவர்: அமலோற்பவம், மண் ஆய்வாளர். காற்றழுத்தம் சரி. இருமல் நேற்றைப் போலவே. கணவர் வியாகப்பன் பூமிக்குப் புறப்பட்டுவிட்டதால் வீட்டின் அவசரத் தொடர்பு அட்டையைப் புதிதாக எழுதித் தர வேண்டுமாம். என் கைப்பட்டையில் அபாய மணி அடித்தால், முதல் அழைப்பு அட்டையில் உள்ளவருக்குப் போகும். அவர் உதவிப் பொத்தானை அழுத்தினால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

நாள் 611, மாலை 4.30
மருத்துவர் சாருலதா பழைய நுரையீரல் படங்களோடு வந்தார். பூமிக்குப் போன கப்பலில் நோயாளிக்கென்று இருந்தது ஒரே இடம். வியாகப்பன் பெயரில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் படம் என்னுடையது. பெயர்களை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த கப்பல் வரும்வரை என் நுரையீரல் தாங்காது.

நாள் 613, காலை 9.00
அட்டையை எழுதினேன். முதல் பெயர்: வியாகப்பன். சாருலதா பதறிவிட்டார்.
"வேண்டாங்க, என் பேரைப் போடுங்க. அவரு எங்கயோ போயிட்டிருக்காரு."
அழைப்பு போய்ச்சேர ஓரிரு நிமிடம்தான் ஆகும் என்றேன். கப்பலில் அவன் அறையில் ஒலிக்கும் அந்த மணியை அணைக்க முடியாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

நாள் 640, காலை 6.45
இரவு மூன்று முறை திணறல். மூன்று முறையும் அழுத்தினான். சாருலதா ஓடி வந்தார். விடிந்ததும் அவன் குரல் வந்தது:
"அமலி, ரெண்டு நாளா உறக்கமில்ல. கார்டுல எம்பேர எடுத்திரு. ஒன்னக் கும்பிட்டுக் கேக்கேன்."
பெயரை எடுக்கவில்லை. இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நாள் 652, காலை 11.20
 அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்: மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் முதல் அழைப்பைப் பெற்றவர் உதவிப் பொத்தானை அழுத்தாவிட்டால், இந்த நாட்குறிப்பும் இரண்டு படங்களும் பூமியில் கப்பல் இறங்கும் இடத்துக் காவல்துறைக்குப் போக வேண்டும். அவனிடம் சொல்லவில்லை.

மதியம் 2.05
மணி அடிக்கிறது. மூச்சு பாதிதான் வருகிறது.

2.21
அவன் குரல்.
"கேக்குது அமலி. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."
அழுத்தவில்லை.

2.31
சாருலதா வரவில்லை. அவனுக்கு உறக்கம் வேண்டும். என்னை முடித்துவிட்டு உறங்கப் பார்க்கிறான்.
இன்னும் நாலு நிமிடம். அழுத்தாதே. பாவி, இப்போது போய் மனசு மாறிவிடாதே. அழுத்தா