ஒரு கழித்தல் குறி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இயற்பியல் துறையில், இறந்துபோன ஒரு பேராசிரியரின் அறையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கரும்பலகையில் அவருடைய கடைசிச் சமன்பாட்டை மரியாதைக்காக யாரும் அழிக்கவில்லை. அதிலுள்ள கழித்தல் குறி கூட்டலானால்தான் என் மூன்று வருட ஆராய்ச்சி பிழைக்கும். ஒரு கோடு போட்டுக் கூட்டலாக்கினேன். மறுநாள் காலையில் அந்தக் கோடு மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. நான்கு முறை இப்படி நடந்தது.

அறை பெருக்கும் அக்காவிடம் கேட்டேன்.

"நான் பலகையத் தொடுறதே இல்ல தம்பி. அவரு இருந்தப்பவும் யாரையும் திருத்த விடமாட்டாரு."

பயப்படாதே. நேற்று முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி. ஆராய்ச்சியை மறுபடி தொடங்குகிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. காபி குடிக்க ஒரு தம்ளர் அனுப்பு. இரண்டாகவே அனுப்பிவிடு.

உன் மகன்