மேல் கோட்டுக்கு மேலே அரை லீற்றர்

வட்டுக்கோட்டை,
செப்ரெம்பர் 9

அன்புள்ள தம்பி றெஜிக்கு அக்கா வினிபிரட் எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். நேற்றும் ஃபேஸ்புக்கில் புரியாணித் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாய். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் கொதிக்கிறது. இதைச் சொல்ல மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும், அக்கா, உங்களுக்குக் கார் விசயம் விளங்காது என்று சொல்லி வெட்டிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை கட்டாருக்கு வரும் பக்கத்து வீட்டு ஜெயனியிடம் கொடுத்துவிடுவேன். கோபம் வந்தாலும் கடைசி வரிவரை வாசி.

உன் கார் போர்ட்டிக்கோவில் படங்குச் சீலையால் மூடிக் கிடக்கிறது. ரேஸ் திடலிலிருந்து லொறியில் ஏற்றி வந்த பிறகு நீ ஒழுங்குபடுத்திய மெக்கானிக் ரவுணிலிருந்து வந்து கழற்றிப் பார்த்தார். எண்ணெய் போய்ச் சேராமல் இஞ்சினுக்குள் பெயரிங் உருகிவிட்டதாம், உள்ளே இருந்த எண்ணெயும் அளவுக்குக் குறைவாம். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நீ செய்த காரியத்தைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை.

இணுவிலில் கிறிஸ்ரோபரின் கராஜைப் படம் பிடித்துப் போட்டு, "எண்ணெய்க் கள்ளன், கவனம்" என்று எழுதினாயே, உனக்குக் கை கூசவில்லையா? பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டு வாகனத்தில் கை வைத்த ஒரே மனிதர் அவர். நீ கொழும்பில் வாங்கி வந்த விலை கூடிய எண்ணெயில் ஒரு லீற்றரை எடுத்து வைத்துக்கொண்டு, அளவுக்கு மேலே அரை லீற்றர் கூட விட்டேன் என்று பொய் சொன்னார் என்கிறாய். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்காமலே நாலாயிரம் பேர் இருக்கிற கார்க் குழுவில் ஒரு மனிதனுக்குக் கள்ளன் என்று பெயர் வைத்துவிட்டுப் பிளேன் ஏறிவிட்டாய்.

அதற்குப் பிறகு இங்கே நடந்ததையும் கேள். திருத்தக் கொடுத்த வாகனங்களை அரைகுறையாகவே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உனக்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் அவருடைய கையால் பிறேக் திருத்திக்கொண்டு ஓடுகிறவர்கள். போன ஞாயிறு எங்கள் கோயிலில், எப்போதும் அவரே எடுக்கிற காணிக்கைத் தட்டை எடுக்க அவர் எழும்பவில்லை. பாஸ்ரர் பார்த்துக்கொண்டே நின்றார். ஆராதனை முடிந்து வாசலில் வைத்து அவர் பாஸ்ரரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "கள்ளன் எண்ட பேரோடை நான் அந்தத் தட்டைத் தொடக்கூடாது ஐயா" என்றார். இந்த மாதத்தோடு கராஜைப் பூட்டிவிட்டு மன்னாருக்கு மகளிடம் போகப் போகிறாராம்.

நீ மட்டும் பெரிய நீதவானா? றோட்டில் ஓடுகிற காரை ரேஸ் திடலில் ஓட்டினால் எண்ணெயைக் குடிக்கும், ஒவ்வொரு ஓட்டமும் முடிய ஐந்து நிமிடம் ஆறவிட்டு டிப் ஸ்ரிக்கை இழுத்து எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. அன்றைக்கு நாலு ஓட்டம் ஓடினாய். ஒரு தரமாவது போனட்டைத் திறந்தாயா? கூட்டாளிகளோடு நின்று படம் எடுக்க மட்டும் நேரம் இருந்தது. நீ போட்ட படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். போனட் திறந்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் இணுவிலுக்குப் போனேன். உன் சார்பில் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கராஜில் ஒரு வாகனம்கூட இல்லை. அவர் நட்டுக் கழற்றுகிற சாவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எதற்காக அரை லீற்றர் கூட விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைச் சரித்துக் காட்டி விளங்கப்படுத்தினார். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது கீழே இருக்கிற எண்ணெய் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுமாம். அப்போது பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை இழுக்குமாம். ரேஸ் திடலுக்குப் போகிற நாளில் மட்டும் கோட்டுக்கு மேலே கொஞ்சம் விடுவது அதற்காகத்தானாம். உன்னிடமும் போனில் சொன்னாராம். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத்தான் கார் விசயம் விளங்காதே.

றெஜி, இனி எழுதப்போவதை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

நீ ரேஸுக்குப் புறப்பட்ட அந்தச் சனிக்கிழமை, பகலில் கூட்டாளிகளோடு கீரிமலைக்குக் குளிக்கப் போயிருந்தாய். மத்தியானம் கிறிஸ்ரோபர் எண்ணெய் மாற்றிய காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நீ இல்லாத மாதங்களில் சனிக்கிழமை தவறாமல் நான் எண்ணெய் பார்க்கிறவள். அன்றும் பழக்கத்தில் டிப் ஸ்ரிக்கை இழுத்தேன். மேல் கோட்டைத் தாண்டி எண்ணெய் நின்றது. மேல் கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் நுரைக்கும், இஞ்சினுக்குக் கூடாது என்று நீதான் உன் கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாய். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கோட்டைத் தாண்டாமல் எழுதப் பழக்கியவள் நான். கண்டும் காணாமல் இருக்க என்னால் முடியுமா? அம்மாவுக்குக் குழாயால் கஞ்சி கொடுக்க வாங்கிய பெரிய சிரிஞ்சில் ஒன்று பாவிக்காமல் இருந்தது. அதில் குழாயைச் செருகிப் பதினாறு தரம் எண்ணெயை உறிஞ்சி எடுத்தேன், ஒரு லீற்றர் மட்டில் இருக்கும். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்பது இன்னும் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால், அளவு தெரியாத மனிசன் என்று கிறிஸ்ரோபரைப் பிடித்து ஏசுவாய். உன் வாய்க்குப் பயந்துதான், அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். பின்னேரம் நீ வந்து, பார்க்காமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய்விட்டாய்.

எடுத்த எண்ணெயைக் கொட்ட மனம் வரவில்லை. சோடாப் போத்தலில் விட்டு, ஞாயிறு ஆராதனை முடிய, தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு உதவும் என்று கிறிஸ்ரோபரிடமே கொடுத்தேன். உன் இஞ்சின் உருகிய செய்தி மறுநாள்தான் வந்தது. அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை. இஞ்சினில் எண்ணெய் குறைவு என்று மெக்கானிக் சொன்னபோதும், கூட நின்றதைத்தானே எடுத்தேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையைச் சரித்துக் காட்டியபோதுதான் விளங்கியது. அங்கே கிடந்த ரயர் ஒன்றில் குந்திவிட்டேன்.

அவர் அந்தச் சோடாப் போத்தலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். மூடி திறக்கவே இல்லை. புது எண்ணெயின் நிறத்தைப் பார்த்து அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. நீ அவரைக் கள்ளன் என்று எழுதிய அந்த நிமிடமே இதைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் உன் வாய் அடைபட்டிருக்கும். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"நான் இதைக் காட்டினால் அவன் உங்களோடை கதைக்கமாட்டான் ரீச்சர். எனக்கு இன்னொரு காரைப் பாக்கலாம். உங்களுக்கு இன்னொரு தம்பி இல்லை" என்றார்.

நீ கள்ளன் என்றது இந்த மனிதரைத்தான். நீ கேட்காமல் எழுதினாய், நான் கேட்காமல் உறிஞ்சினேன். இரண்டு பேருடைய பிழையையும் அவர் தலையில் போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போகப் பார்க்கிறார். உன்மேல் இருக்கிற ஆத்திரத்தை விட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் கூட. ஆனால் உன்மேலும் குறையவில்லை.

வருகிற ஞாயிறு கோயிலில் எல்லாருக்கும் முன்னால் எழும்பிச் சொல்லப்போகிறேன். நீயும் அதே குழுவில், அதே படத்தின் கீழ் எழுது. வீட்டில் ஒருவர் தெரியாமல் எடுத்துவிட்டார் என்று மழுப்பாதே. என் அக்கா வினிபிரட் ரீச்சர் எடுத்தார், நான் பார்க்காமல் ஓட்டினேன், கிறிஸ்ரோபர் அளவாகத்தான் விட்டார் என்று பெயர் போட்டு எழுது. பிறகு அவருக்குப் போன் எடுத்து, போகவேண்டாம் என்று உன் வாயால் சொல்லு.

கர்த்தர் உனக்குச் சுகத்தையும் பொறுமையையும் தருவாராக. என்னை ஏசவேண்டுமென்றால் ஏசு ராசா, கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா,
வினிபிரட்